காது கிளிப்பும் விரல் கிளிப்பும்: மூன்று ஆண்டு ஆக்சிமீட்டர் அனுபவம்

காது கிளிப்பின் வயர் அறுந்து பழுதுபார்க்கப் போயிருந்த மேசை ஆக்சிமீட்டர் (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவி), 16 நாள் கழித்து நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தது. அதுவரை விரலில் மாட்டும் சிறிய கருவியை வைத்தே அப்பாவைப் பார்த்துக்கொண்டோம். அதே மேசைக் கருவியைத் தன் தாயாருக்கு வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். உட்கார்ந்திருக்கையில் ஆக்சிஜன் அளவு 93 இருக்கும். குளியலறைக்கு நடந்து திரும்பினால் 85 வரை இறங்கிவிடும். விரல் கருவியின்மீது எனக்குள்ள மனத்தாங்கல் முழுவதும் இந்த இறக்கத்தைப் பற்றியதே. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு கறுத்து, அவர் மூச்சுக்குத் திணறும்போது அது 92 என்று காட்டும். மூச்சு நிதானத்துக்கு வந்து அவர் தண்ணீர் கேட்கும் நேரத்தில்தான் 87, 86, 85 என்று இறங்கும். அதைப் பார்த்துப் பதறி, தேறிக்கொண்டிருப்பவருக்கு அம்மா ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டரைக் கூட்டிவைப்பார்.

கருவி பொய் சொல்வதில்லை. நுரையீரலிலிருந்து கிளம்பும் இரத்தம் காது மடலைச் சில நொடிகளில் எட்டிவிடுகிறது. விரல் நுனிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, கால் விரலுக்கு அதைவிடவும் அதிகம். கை சில்லிட்டிருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி ஓட்டம் மந்தமாகிவிடும். போதாததற்குக் கருவியும் கடந்த சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. நாங்கள் இருப்பது குன்னூர். மார்கழிக் காலையில் அப்பாவின் விரல்கள் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே மாட்டினாலும் ஏறத்தாழ ஒரே எண் வரும் என்பதால் இந்தத் தாமதம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று மாலை இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் 86 வந்து ஏறத்தாழ 40 நொடி கழித்து விரலில் 86 வந்தது. அதற்குள் காது 91க்கு ஏறிவிட்டது. வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது இடைவெளி பாதியாகக் குறைந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பரே, அந்த மேசைக் கருவியை வாங்க வேண்டாம் என்றே இன்று சொல்வேன். காது மடலில் துடிப்பு மெலிவு. தேய்த்துச் சூடாக்காவிட்டால் எண் தடுமாறுகிறது. கிளிப் நழுவுகிறது, இரண்டு மணி நேரத்தில் வலிக்கிறது, வயர் அறுந்தால் 16 நாள் தவிக்கவிடுகிறது. விரல் கிளிப்பைக் காதில் மாட்டிச் சமாளிக்கவும் முடியாது, அது தவறான எண்ணைத்தான் தரும். விரல் கருவியே வாங்குங்கள். உங்கள் அம்மாவின் கையைச் சூடாக்கி, நடக்கத் தொடங்கும் முன்பே மாட்டிவிடுங்கள். உட்கார்ந்த பின்னும் ஒன்றரை நிமிடம் கழற்றாமல், இறங்கிய மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒன்றரை நிமிடமும் அவருடைய உதட்டையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

அப்பாவுக்கு இன்று காலை காது கிளிப்பைத்தான் மாட்டியிருக்கிறேன்.