கரண்ட் பில்லை வைத்து இங்கிலீஷ் வகுப்பு: மூன்று வருட அனுபவம்

திருமங்கலத்தில் ஒரு மாடி அறையில் சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு ஆட்டோக்கார அண்ணன் என்று பதினைந்து பேர் வருவார்கள். பருவநிலை மாற்றத்தைப் பாடமாக எடுத்த புதிதில், நெட்டில் இருந்து இறக்கிய பனிக்கரடிப் படங்களைத்தான் நம்பினேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை. அப்புறம் பிடித்ததுதான் கரண்ட் பில்.

அதற்கு முன் சொற்களின் கதை. 'க்ளைமேட் சொல்யூஷன்ஸ்' என்று போர்டில் எழுதியதும் ஆட்டோ அண்ணன், "டீச்சர், சொல்யூஷன்னா பஞ்சர் ஒட்டுறதுதானே?" என்றார். 'கட் எமிஷன்ஸ்', அதாவது புகை வெளியீட்டைக் குறைப்பது, அவர்களுக்குப் பவர் கட். 'பவர் பிளான்ட்' ஏதோ செடி. சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த பையனுக்கு 'ஆஃப்செட்' தண்ணிபட்ட பாடு, ஆனால் அவன் நினைத்தது அச்சு மிஷினை, நான் சொன்னது வெளியிட்ட கார்பனை வேறிடத்தில் ஈடுகட்டுவதை. இப்போது முதல் நாளே இந்தச் சொற்களை நானே வகுப்பின் முன் எடுத்துப் போட்டுவிடுகிறேன். அன்றைக்கு வாய் திறக்காதவர் யாரும் இல்லை.

சரி, பில்லுக்கு வருவோம். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்கிறோம். நாடு முழுவதற்குமான தோராயக் கணக்கு இது. கயத்தாறு காற்றாலையும் கமுதி சோலாரும் அனல்மின் நிலையமும் ஒரே கம்பியில்தான் கலக்கின்றன. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்றால் 168 கிலோ. இதைச் சொன்னதும் ஒரு பெண் கேட்டாள்: "முதல் 100 யூனிட் ஃப்ரீயாச்சே மிஸ், அதுக்குப் புகையும் ஃப்ரீயா?" காசு இல்லாவிட்டாலும் புகை உண்டு என்று பதில் சொல்லப்போய் 'ஈவன் தோ' பாடம் தானாக நடந்தது.

இலக்கணத்துக்கு மிகவும் கைகொடுத்தது ஃபேன். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் சுற்றினால் 60 நாளில் முன்னது 54 யூனிட், பின்னது 22க்குள். எண்ணக்கூடிய யூனிட்டுக்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாத கார்பனுக்கு 'லெஸ்'. புத்தகத்தை வைத்து நான் வருடக்கணக்கில் கத்தியும் ஏறாத வித்தியாசம் இது. ஆனால் 'ரெட்யூஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஐ சேவ் கார்பன்' என்று எழுதுவதை மட்டும் இன்னும் ஒழிக்க முடியவில்லை. நமக்கு மிச்சம் பிடிப்பது எல்லாமே சேவ்தான்.

குறைகளும் உண்டு. முதல் வருடம் பில்லை அப்படியே பேரோடு கொண்டுவரச் சொன்னது என் தப்பு. ஏசி வீட்டுப் பிள்ளையும் ஜீரோ பில் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் நெளிந்தார்கள். இப்போது பேரையும் இணைப்பு எண்ணையும் மறைத்து, சீட்டுபோல் கலந்துதான் கொடுக்கிறேன். இன்னொன்று, கணக்கு போட உட்கார்ந்தால் எல்லாரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். பெருக்கலை செல்போனில் போடலாம், விடையை முழு இங்கிலீஷ் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்த பிறகு கொஞ்சம் தேவலை.

பெட்ரோல் கணக்கில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றதும் ஆட்டோ அண்ணன் விடவில்லை. "லிட்டரே முக்கால் கிலோதான் இருக்கும் டீச்சர். ரெண்டேகால் கிலோ எங்கருந்து வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்: எரியும்போது பெட்ரோலில் உள்ள கார்பன், காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, எடை கூடுவது அதனால்தான்.

போன மாதம் புது பேட்சில் ஒரு பையன் அதே கேள்வியைக் கேட்டான். நான் சாக்பீஸைத் தேடுவதற்குள் பின்பெஞ்சில் இருந்து அண்ணன் எழுந்தார். "பெட்ரோல் கிவ்ஸ் கார்பன், தம்பி. ஏர் கிவ்ஸ் ஆக்சிஜன். வெயிட் கம்ஸ் ஃப்ரம் போத்."