சைக்கிள் செயினுக்கு மெழுகு: கோடையிலும் மாரியிலும்

ஒட்டுசுட்டானில் இருக்கும் நண்பர் ஒருவர், சைக்கிள் செயினுக்கு எண்ணெயை விட்டு மெழுகுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறார். சில ஆண்டுகளாக வீட்டிலேயே மெழுகிட்டு வருகிறேன் என்பதால் எழுதுகிறேன். கார்த்திகை மழையில் துருப்பிடித்த செயினை நேற்றுத்தான் கழற்றினேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

செய்முறை கடினமானதன்று. செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, பிறகு ஸ்பிரிற்றில் அலசிக் காயவைத்து, உருகிய மெழுகில் இட வேண்டும். திரி நீக்கிய வெள்ளை மெழுகுதிரிகளே போதும். மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றும் ஆபத்து உண்டு. தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் வைத்தால் சூடு 100 பாகையைத் தாண்டாது, பரபின் மெழுகு அதற்கு வெகு முன்னரே உருகிவிடும். உருளைகளுக்குள் இருந்த காற்று சிறு குமிழ்களாக மேலே வந்துகொண்டிருக்கும். குமிழ் நின்ற பிறகே செயினைத் தூக்கித் தொங்கவிட வேண்டும்.

சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இதற்கு நிகரான ஒன்றை நான் கண்டதில்லை. முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிரவல் பாதையில் எழும் செம்புழுதி, எண்ணெயிட்ட செயினில் ஒட்டிக் கறுத்த பசையாகி, ஆணிகளையும் உருளைகளையும் அரம்போல் அராவிவிடும். மெழுகு காய்ந்திருப்பதால் புழுதி அதில் தங்குவதில்லை. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது எட்டிலொரு அங்குலம் நீண்டுவிட்டால் பற்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். என் செயினில் அந்த நீட்சி அளவுகோலில் பிடிபடாத அளவிலேயே இருக்கிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெள்ளை வேட்டியுடன் சைக்கிளில் போய்வந்தேன்; கரையில் ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லை.

மாரி தொடங்கியதும் இத்தனையும் பாழாகிவிடுகிறது. வயல் வரம்போரத்துச் சேற்றுத் தண்ணீர் ஒருமுறை தெறித்தால் போதும், மெழுகு உதிர்ந்த இடங்களில் இரவுக்குள் துரு ஏறி, காலையில் செயின் கீச்சிடத் தொடங்கிவிடும். உடனே மறுபடி கழற்ற வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக் கண்ணியின் மெல்லிய கிளிப்பைக் குறட்டால் நெம்பும்போது அது முற்றத்து மணலுக்குள் தெறித்து விழும், திரும்ப மாட்டும்போது அதன் பிளந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும், இல்லையேல் ஓட்டத்தில் கழன்றுபோகும். மழைக்காலத்துக்கு மட்டும் எண்ணெய் இடலாமே என்பார்கள். எண்ணெய் பட்ட செயினில் மெழுகு பிடிக்காது. மழை ஓய்ந்தபின் மண்ணெண்ணெய்க் கழுவலை முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்றைய விலைக்கு அது சிறு செலவன்று.

ஆகையால் நண்பரே, மழையிலும் நாள்தோறும் வேலைக்குப் போகவேண்டிய உங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெயே இடுங்கள், வாரம் ஒருமுறை துணியால் அழுத்தித் துடையுங்கள்.