கிளைடர் காக்பிட்டில் ஏழு சீசன், நான்கு திரை

பறக்கும்போது வழி காட்டும் கருவி என்று வாங்கிய அன்று வீட்டு மேசையில் திரை பளிச்சென்று இருந்தது. கிளைடரில் பொருத்தி, கேனப்பியை, அதாவது தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரையை மூடி, இழுவை விமானத்தின் பின்னால் மேலே போய்க் கயிற்றை விட்ட பிறகுதான் நிதானமாக அதைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தொப்பியும் அதன் கீழே கண்ணைச் சுருக்கிய ஒரு முகமும் தெரிந்தன. இரண்டும் என்னுடையவை. வரைபடம் அதற்குப் பின்னால் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

அது ஏழு சீசனுக்கு முன்பு. இப்போது கையில் இருப்பது நான்காவது கருவி. செலவழித்த காசை எல்லாம் சேர்த்திருந்தால் முதலிலேயே உருப்படியாக ஒன்று வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மறுக்க முடியாத கணக்கு. நான் கிளப் விமானங்களில் பறப்பவன், இந்த வாரம் ஒரு கிளைடர், அடுத்த வாரம் வேறொன்று. பேனலில் துளை போட்டு எதையும் நிரந்தரமாகப் பதிக்க முடியாது. அதனால்தான் கையோடு கொண்டுபோகும் கருவி. சொந்த கிளைடர் வைத்திருப்பவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

இன்ஜின் இல்லாத விமானத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜின் இல்லாததால்தான். கிளப்பை விட்டு வெளியே போய்விட்டால் மண்டைக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்: இங்கிருந்து வீடு எட்டுமா? 40க்கு 1 சறுக்கும் கிளைடர், அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போவது, கையில் 1000 மீட்டர் உயரம் என்றால் 40 கிலோமீட்டர் என்று மனம் உடனே சந்தோஷப்படும். ஆனால் ஓடுபாதைக்கு மேலே 300 மீட்டரோடு போய்ச் சேர வேண்டும், ஆக செலவழிக்க இருப்பது 700. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்று 20 என்றால் தரைமேல் வேகம் 80தான், 40 என்பது 32 ஆகிவிடும். 700ஐ 32ஆல் பெருக்கினால் 22.4 கிலோமீட்டர். நாற்பது என்று நினைத்தது இருபத்திரண்டில் வந்து நிற்கிறது. வழியில் இறங்குகாற்று இருந்தால் அதற்கும் கீழே. முன்பெல்லாம் காகித வரைபடத்தில் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டு, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோவைச் சுற்றி பால் மெக்ரெடி கண்டுபிடித்த வளையத்தைத் திருப்பி, இதை மனக்கணக்காகவே செய்தார்கள். அந்த மெக்ரெடி 1956இல் கிளைடர் உலக சாம்பியன். நான் சாம்பியன் இல்லை, எனக்குத் திரை வேண்டும்.

முதல் கருவி கைபேசி. எக்ஸ்சிசோர் கிளைடர்காரர்களுக்கான இலவச வழிகாட்டி மென்பொருள், ஆண்ட்ராய்டில் ஓடும், கையிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று இறங்கினேன். திரை தெரியாத கதையை மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு வேடிக்கை, என் வெயில் கண்ணாடி போலரைஸ்டு வகை. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வது. இரண்டும் குறுக்கே நின்றால் திரை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கைபேசியை நிமிர்த்தி வைத்தால் தெரிந்தது, படுக்கவைத்தால் இருட்டு. எனக்கு அகலமான வரைபடம்தான் பிடிக்கும் என்பதால் படுக்கவைத்திருந்தேன். காகம் போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பின்னிருக்கையில் இருந்தவர் எனக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம், சூடுதான் பொறுக்க முடியாதது. கேனப்பிக்குள் நேர்வெயிலில் நிற்கும் கைபேசி, முழு வெளிச்சம், ஜிபிஎஸ், கூடவே சார்ஜ் என்று மூன்று பக்கமும் கொதிக்கிறது. முதலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதற்குக் கெடுதல் என்பதால் அது செய்யும் தற்காப்பு. அடுத்து வெளிச்சத்தைக் குறைக்கும், அதாவது வெளிச்சம் அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து. கடைசியில் ஒரு வெப்பமானிப் படத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோகும். ஒரு தெர்மலில், அதாவது மேலே ஏறும் சூடான காற்றில், சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த மூன்றும் வரிசையாக நடந்தன. கைபேசியை இப்போதும் எடுத்துப் போகிறேன், சட்டைப்பையில், வயலில் இறங்கினால் போன் செய்ய.

இரண்டாவது, யாரோ வைத்திருந்த பழைய கார் நேவிகேட்டர். உள்ளே விண்டோஸ் சிஇ. ஒரு காலத்தில் கிளைடர்காரர்கள் இந்த வகைக் கருவிகளைத் தேடித்தேடி வாங்கி, அதன் கார் வரைபடத்தை ஓரம்கட்டிவிட்டு எக்ஸ்சிசோரையோ அதைப் போன்ற எல்கே8000ஐயோ ஏற்றிக்கொண்டார்கள். வெயிலில் கைபேசியைவிடத் தேவலாம், சூட்டுக்கும் அசரவில்லை. ஆனால் அதன் சொந்த பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, விமானத்தின் 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்க வேண்டும். காரில் செருகும் மலிவான மாற்றி ஒன்றை வாங்கினேன். அன்றைக்கு ரேடியோ முழுக்க இரைச்சல். யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் மூடவே இல்லை, கிளப் பேசுவது நெல்மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கேட்பது போல இருந்தது. ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டோம், ஆண்டெனாவைக் கழற்றி மாட்டினோம். மூன்றாவது நாள் தற்செயலாக மாற்றியைப் பிடுங்கியபோது சத்தம் நின்றது. அந்த மாற்றிக்குள் நொடிக்குப் பல லட்சம் முறை ஸ்விட்ச் அடித்துக்கொண்டிருக்கும், அதன் கசிவு நாம் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் வந்து விழுகிறது. இப்போது எந்த மாற்றி வாங்கினாலும் தரையிலேயே ஸ்குவெல்ச்சைத் திறந்துவைத்து, பயன்படுத்தும் ஒவ்வொரு அலைவரிசையிலும் செருகிப் பார்ப்பேன், பிடுங்கிப் பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. கம்பியில் ஃபெரைட் வளையம் போட்டால் கொஞ்சம் குறையும், மோசமான மாற்றியை அது நல்லதாக்காது.

அந்த நேவிகேட்டரோடு உறவு முறிந்தது வேறு காரணத்தால். ஒரு நாள் கிளைடர்காரர்களின் தகுதிச் சின்னமான சில்வர் பேட்ஜுக்குரிய 50 கிலோமீட்டரை நல்லபடியாக முடித்துவிட்டு வந்து, பறப்பைப் பதிவு செய்யும் ஐஜிசி கோப்பைத் திறந்தால், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருடத்தில் பறந்ததாகத் தேதி போட்டிருந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், பிறகு மறுபடி பூஜ்ஜியம். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய ரிசீவர்கள் தேதியை 1024 வாரம், அதாவது ஏறக்குறைய 20 வருடம் பின்னால் தள்ளிவிடுகின்றன. இடம் சரி, உயரம் சரி, நாள் மட்டும் கோவிந்தா. விமானத்திலிருந்த ஃபிளார்ம் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவியும் தன் பங்குக்குப் பதிவு செய்திருந்ததால் பேட்ஜ் தப்பியது. பழைய கருவி வாங்குபவர்கள் வெளியே வானம் தெரியும் இடத்தில் வைத்து, அது என்ன தேதி காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மூன்றாவது, மின்தாள் (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்பான். புத்தகம் படிக்கும் கருவிதான், எக்ஸ்சிசோர் அதிலும் ஓடும். இதை முதன்முதலில் கேனப்பிக்குள் பார்த்த கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் ஏற ஏறத் தெளிவாகிக்கொண்டே போனது. தன் ஒளியை வைத்து சூரியனோடு போட்டி போடாமல் சூரிய ஒளியையே எடுத்துக்கொள்வதால் அப்படி. போலரைஸ்டு கண்ணாடியும் இதை ஒன்றும் செய்யவில்லை. மின்சாரமும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெயரளவில் 84 வாட்-மணி. 5 வாட் கேட்கும் பளிச் திரை ஒன்று எட்டு மணி நேரத்தில் 40ஐ விழுங்கிவிடும், ரேடியோவும் வேரியோவும் ஃபிளார்மும் மிச்சத்தில் பிழைக்க வேண்டும். வயதான லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால் அந்த 84ம் ஏட்டுச் சுரைக்காய்.

குறை இல்லாமல் இல்லை. நிறம் கிடையாது, தடைசெய்த வான்வெளியும் காடும் ஒரே சாம்பல், கோடுகளின் சாய்வைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். தெர்மலில் சுற்றும்போது பழைய பாதையின் நிழல் திரையில் தங்கிவிடும். தொடுகைக்கு அகச்சிவப்புக் கதிர் பயன்படுத்தும் வகை அது. கையுறையோடு தொடலாம், ஆனால் மாலை வெயில் விளிம்பில் சாய்வாக விழுந்தால் நான் தொடாமலே மெனு திறந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ஜிபிஎஸ் கிடையாது, ஃபிளார்மிலிருந்து கம்பி இழுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போனது. ஃபிளார்ம் நொடிக்கு 19200 பிட் வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது, கருவி 4800இல் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் குப்பை எழுத்துகள். விமானத்தின் பக்கம் ஆர்எஸ்-232 என்ற பழைய தொடர் இணைப்பு, கருவியின் பக்கம் 3.3 வோல்ட் லாஜிக், நடுவில் ஒரு மாற்றிச் சில்லு இல்லாமல் ஒன்றின் மொழி மற்றதற்குத் தலைகீழ். வோல்ட் பார்க்காமல் நேராக இணைத்தால் கருவி செத்துப்போகலாம். எனக்கு அதிர்ஷ்டம். அப்புறம் அடுத்த வாரம் வேறு கிளைடர், வேறு சாக்கெட். சொந்த விமானமாக இருந்திருந்தால் இதோடு நின்றிருப்பேன் என்பதில் சந்தேகமில்லை.

நான்காவது, கிளைடருக்கென்றே செய்த கையடக்கக் கருவி. பெயரைச் சொன்னால் விளம்பரம் போலாகிவிடும், விட்டுவிடுகிறேன். 1000 நிட்ஸுக்கு மேல் வெளிச்சம், உள்ளேயே ஜிபிஎஸ், காற்றழுத்த உணரி, பறப்பு முழுக்கத் தாங்கும் பேட்டரி. கம்பி இல்லாமலே ஏறி உட்கார்ந்து பறக்கலாம். விலை மற்ற மூன்றையும் சேர்த்ததைவிட அதிகம். மூன்று சீசனாக இதுதான்.

காற்றழுத்த உணரி இருப்பதை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜிபிஎஸ்தான் உயரம் சொல்கிறதே என்ற எண்ணம். ஆனால் வான்வெளி எல்லைகள் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரத்தில் வரையப்பட்டவை, ஜிபிஎஸ் சொல்வது நிஜ உயரம். நியம வெப்பநிலையிலிருந்து 10 டிகிரி விலகினால் இரண்டுக்கும் சுமார் 4 சதவீதம் வித்தியாசம் வரும். 15 டிகிரி கூடுதல் சூடான நாளில் அழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 2000 மீட்டர் காட்டும்போது நிஜத்தில் 120 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருப்போம். அன்று ஜிபிஎஸ் மட்டும் உள்ள கருவி, தலைக்கு மேலுள்ள எல்லையைத் தொடும் முன்பே கத்தும், தொல்லை மட்டும்தான். குளிர்ந்த நாளில் நேர்மாறு, எல்லைக்குள் நுழைந்த பிறகும் சும்மா இருக்கும். அதுதான் வில்லங்கம்.

இந்தக் கருவியோடு நடந்த ஒரே விபரீதத்துக்குக் காரணம் நான்தான். முந்தின வாரம் எல்எஸ்4 ஓட்டினேன், சறுக்கு விகிதம் 40. அந்த வாரம் ஏஎஸ்கே 21, அதற்கு 34. கருவியில் விமானத்தை மாற்ற மறந்துவிட்டேன். 25 கிலோமீட்டர் தொலைவில், தாராளமாகப் போய்ச் சேரலாம் என்று பச்சையாகக் காட்டியது. அதன் கணக்கில் 625 மீட்டர் போதும், நான் உட்கார்ந்திருந்த விமானத்துக்கு 735 வேண்டும். 110 மீட்டர் வித்தியாசம், என் 300 மீட்டர் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். போகப்போக, வந்துசேரும் உயரம் என்ற எண் காரணமே இல்லாமல் தேய்ந்துகொண்டே வந்தது. இறங்குகாற்று என்று நினைத்தேன். பாதி வழியில்தான் பொறி தட்டியது. வட்டமடிக்க உயரம் மிச்சமில்லாமல் நேராக உள்ளே வந்து இறங்கினேன். இப்போது கருவியின் முதுகில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது: "இன்று எந்த விமானம்?"

பொருத்துவதைப் பற்றி இரண்டு வார்த்தை. கேனப்பியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சியை நம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை இழுவையின் நடுவில் கழன்று மடியில் விழுந்தது, அங்கிருந்து விமானத்தை இயக்கும் ஸ்டிக்கின் அடிப்பக்கம் நோக்கி நழுவியது. இடது கையால் பிடித்துவிட்டேன், ஆனால் அந்த இரண்டு நொடி இன்றைக்கும் மறக்கவில்லை. பேனல் ஓரத்தில் திருகும் பந்துமூட்டுத் தாங்கிக்கு மாறிவிட்டேன். கம்பியையும் கேனப்பிச் சட்டத்தில் கட்டக் கூடாது, அவசரத்தில் கேனப்பியை உதறிவிட்டுக் குதிக்க வேண்டி வந்தால் அதுவே பிடித்து இழுக்கும்.

திரையில் நான்கு எண்கள் மட்டும் வைத்திருக்கிறேன்: வந்துசேரும் உயரம், தேவையான சறுக்கு விகிதம், காற்று, கடைசித் தெர்மலின் சராசரி. முதல் வருடம் பன்னிரண்டு இருந்தன. படிக்கும் நேரமெல்லாம் வெளியே பார்க்காத நேரம், அதே தெர்மலில் இன்னும் மூன்று கிளைடர்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சொந்த கிளைடரும் சாலிடரிங் பழக்கமும் இருந்தால் மின்தாள், என்னைப் போல விமானம் மாறுபவர் என்றால் கையைக் கடித்தாலும் எல்லாம் உள்ளே அடங்கிய கருவி. மின்தாள் வாசிப்பானை நான் விற்கவில்லை. நீண்ட தூரம் போகும் நாட்களில் பக்கப் பையில் இரண்டாவது ஆளாக வரும்.

இப்போதைய கருவியில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே புகார் அதன் சார்ஜ் சாக்கெட். மூன்றாவது சீசனிலேயே ஆட ஆரம்பித்துவிட்டது, கம்பியை இடப்பக்கம் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றி வைத்திருக்கிறேன், போன மாதம் ஐந்து மணி நேரம் தாங்கியது.