டாஷ் படிவம்: திருகோணமலைத் தாதிய மாணவர்களுக்குத் தமிழில் சரிவருமா?

சிமுலேஷன் வகுப்பு (நிஜ நிலைமையைப் போலச் செய்து பழகுவது) முடிந்ததும், நடந்ததை மாணவரோடு பேசி அலசும் டிபிரீபிங்கின் தரத்தை அளக்க, பொஸ்டனிலுள்ள சென்டர் ஃபோர் மெடிக்கல் சிமுலேஷன் உருவாக்கிய டாஷ் (DASH) படிவம் நல்ல கருவி. இலவசமாகக் கிடைக்கிறது. மொழிபெயர்க்குமுன் அவர்களிடம் அனுமதி பெறுங்கள். மதிப்பீட்டாளர், விரிவுரையாளர், மாணவர் என மூன்று பதிப்புகள் உண்டு. மாணவர் சுருக்கப் படிவத்தில் ஆறே கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி.

2012இல் வெளியான டாஷ் ஆய்வில், மதிப்பீட்டாளர்களின் புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உட்தொடர்புக் குணகம் 0.74, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்று காட்டும் குரொன்பாக் அல்பா 0.89. காணொளி பார்த்துப் புள்ளியிட்ட மதிப்பீட்டாளர்களின் எண்கள் இவை. மாணவர் படிவத்துக்கு, அதுவும் தமிழில், இவற்றை ஆதாரமாகக் காட்டவே கூடாது.

மொழிபெயர்ப்பில் முதலில் இடறுவது புள்ளி விளக்கம். 5 என்றால் பெரும்பாலும் பயனுள்ளது, 6 என்றால் தொடர்ந்து பயனுள்ளது. ‘நன்று, மிக நன்று’ என்று மட்டும் போட்டால் பரீட்சைத் தரம் போலாகி, அந்த வேறுபாடு போய்விடும். ஐந்தாம் கூற்று இன்னும் சிக்கல்: நன்றாகச் செய்தது, பிழையாகச் செய்தது, அதற்கான காரணம் மூன்றையும் ஒரே புள்ளிக்குள் அடைக்கிறது. அதைப் பிரித்தால் மூலக் கருவியோடு ஒப்பிட முடியாது. எனவே பிரிக்காமல், மாணவர் எதை நினைத்துப் புள்ளியிட்டார் என்று நேர்காணலில் கேட்டறிவதே சரி. நகரம், மூதூர், கிண்ணியா எனப் பேச்சு வேறுபடும் இடங்களிலிருந்து ஆட்களை எடுங்கள். ‘செவிலியர்’ என்று எழுதிய தமிழ்நாட்டுப் பிரதியை அப்படியே கொடுக்க வேண்டாம், இங்கே ‘தாதியர்’தான்.

உண்மையான ஆபத்து மரியாதைதான். டிபிரீபிங் நடத்திய விரிவுரையாளரே படிவத்தைச் சேகரித்தால் எல்லாரும் 7 போட்டுவிடுவார்கள். புள்ளிகள் அழகாக உயரும், ஆனால் கருவி எதையும் அளந்திருக்காது. பெயரின்றி, வேறொருவர் சேகரிக்க வேண்டும். 15 வீதத்துக்கு மேற்பட்டோர் உச்சப் புள்ளி பெற்றால் உச்சவரம்பு விளைவு (புள்ளிகள் உச்சத்தில் குவிந்து வேறுபாடு தெரியாத நிலை) என்று அறிக்கையில் எழுதுங்கள்.

ஆறு நிபுணர்கள் பார்த்தால் ஒவ்வொரு கூற்றின் உள்ளடக்கச் சுட்டியும் (கூற்று பொருத்தமானது என்று சொன்ன நிபுணர்களின் விகிதம்) 0.83க்குக் குறையக்கூடாது. கூற்றுகள் எப்படிச் சேர்ந்து அமைகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு 200 பேரளவு தேவை. திருகோணமலையில் மட்டும் அத்தனை பேர் சேராவிட்டால் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தாதியம் கற்கும் மாணவர்களையும் சேர்க்கலாம். அதே படிவத்தை மீண்டும் நிரப்பவைக்கும் மறுபரிசோதனையை நம்ப வேண்டாம்: ஒரு வாரத்தில் அந்த டிபிரீபிங் மறந்துபோகும். அதற்குப் பதிலாக மதிப்பீட்டாளர் பதிப்பையும் தமிழாக்கி, இருவரை ஒரே காணொளிக்குத் தனித்தனியே புள்ளியிட வைத்து, மாணவர் புள்ளியோடு ஒப்பிடுங்கள்.