பழனி மலையில் கூடாரம் போடத் துணை தேடுவோர் கவனத்துக்கு

கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர், பூண்டி, கிளாவரைப் பக்கம் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கலாம், செலவைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் தேவை என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அழைப்பு சுற்றிவருகிறது. அதை நம்பிச் சென்ற நாங்கள் ஆறு பேர் கடந்த ஜனவரியில் பணத்தை இழந்தோம். ஓர் இரவு முழுவதும் உறைபனியில் கிடந்தோம், மறுநாள் காலையில் வனத்துறையினர் முன்னால் அத்துமீறி நுழைந்தவர்களாக நின்றோம். அதே படங்களுடன், குழுவின் பெயர் மட்டும் மாறி, அதே அழைப்பு கோடை சீசனுக்காக மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் நடைமுறைகள் தெரியாத வெளிநாட்டுத் தமிழர்களை நோக்கியே அது எழுதப்பட்டிருப்பதால், நடந்ததை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

நானும் என் தம்பியும் மலேசியாவில் ஈப்போவில் வசிப்பவர்கள். எங்களோடு வந்த மற்றவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து சென்று நோர்வேயில் குடியேறிய ஒரு நண்பர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இரு பெண்கள், மதுரையில் படிக்கும் ஒரு மாணவர். இவர்களில் எவரையும் நாங்கள் முன்பு பார்த்ததில்லை. அந்தக் குழுவில்தான் ஒருவருக்கொருவர் அறிமுகமானோம்.

குழுவைத் தொடங்கியவர் தன்னை ஏற்பாட்டாளர் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். தானும் எங்களைப் போல ஒரு பயணிதான், வத்தலக்குண்டில் வீடு என்பதால் மலை பழக்கம், தனியாகப் போக மனமில்லாமல் துணை தேடுவதாக எழுதினார். என்னை “அக்கா” என்றும் மற்றவர்களை “ப்ரோ” என்றும் அழைத்தார். ஒரு நிறுவனம் என்றால் உரிமம் எங்கே, ரசீது எங்கே என்று எவரும் கேட்பார்கள். உடன் வரும் துணைவரிடம் அப்படிக் கேட்பதற்கு எவருக்கும் கூச்சமாக இருக்கும். அவருடைய பிழைப்பே அந்தக் கூச்சத்தில்தான் நடக்கிறது.

குழுவில் மேலும் இருவர் இருந்தார்கள். சென்ற ஆண்டு குழுவைத் தொடங்கிய அதே மனிதருடன் போய்வந்ததாக ஒருவர் கதை கதையாகச் சொன்னார். இன்னொருவர், பங்குத் தொகையான எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம் என்று முதலில் தயங்கி, பிறகு “விசாரித்துப் பார்த்துவிட்டேன், வேறு யாரும் இதற்குக் குறைவாகத் தருவதில்லை” என்று எழுதி, எல்லோருக்கும் முன்பாகப் பணம் அனுப்பியதற்கான திரைப்பிடிப்பையும் போட்டார். எங்களுக்கு எழக்கூடிய ஒவ்வொரு சந்தேகத்தையும் எங்களுக்கு முன்பே எழுப்பி, தானே அதைத் தீர்த்தும் வைத்தவர் அவர். புறப்படும் நாளன்று ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவருக்கு வீட்டில் துக்கம். இருவரும் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அவர்கள் இருவரும் அவருடைய ஆட்கள் என்பதில் எங்களில் எவருக்கும் இன்று ஐயமில்லை.

அனுமதியைப் பற்றி நாங்கள் கேட்காமல் இல்லை. மலேசியாவில் வனக் காப்பகங்களில் மலையேற மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும், பல மலைகளுக்கு மலிம் குனோங் எனப்படும் பதிவு பெற்ற வழிகாட்டியும் வேண்டும் என்பதால், எனக்கு அதுவே முதல் கேள்வியாக இருந்தது. நோர்வே நண்பரின் பழக்கம் வேறு. அங்கே 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடப்படாத திறந்த வெளியில், குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, எவரிடமும் கேட்காமல் இரண்டு இரவு வரை கூடாரம் போடலாம். ஸ்காட்லாந்திலும் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அதைப் போன்ற உரிமையைத் தருகிறது. இந்தியாவில் அப்படி ஓர் உரிமை கிடையாது. பழனி மலையின் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2013-இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றங்கள்.

நாங்கள் கேட்டபோது அவர் தாள்களைக் காட்டினார். ஆனால் குழுவில் போடாமல், ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பினார். எனக்கும் நோர்வே நண்பருக்கும் வந்தது, தமிழ்நாடு அரசின் முத்திரையும் கியூஆர் குறியீடும் கொண்ட ஓர் அனுமதிச் சீட்டு. கோயம்புத்தூர்ப் பெண்களுக்கு வந்தது வேறொன்று. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் கைப்பேசிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் வெவ்வேறு என்பது தெரிந்தது. எங்களுக்கு அனுப்பியது, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்காக இணையத்தில் எவரும் இலவசமாக எடுக்கக்கூடிய இ-பாஸ். காட்டுக்குள் கால் வைப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டிருப்பார்கள் என்பதால், அந்தப் பெண்களுக்கு அதை அனுப்பாமல், பேரிஜம் ஏரிக்குப் பகலில் போய்வர வனத்துறை தரும் சீட்டின் படத்தை, தேதியும் வாகன எண்ணும் தெரியாதபடி ஓரம் வெட்டி அனுப்பியிருக்கிறார். யாருக்கு எது தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற தாளைத் தேர்ந்தெடுத்தவர், இதை முதன்முறையாகச் செய்தவராக இருக்க முடியாது.

கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில், மலையில் சிக்னல் இல்லாததால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருப்பவர்கள் எடுத்து வரலாம் என்றும் எழுதியிருந்தார். வெளிநாட்டில் மலையேறுவோர் பலரிடம் அந்தக் கருவி உண்டு. இந்தியாவில் உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பதே சட்டவிரோதம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் இதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள். நோர்வே நண்பர் புறப்படும் முன் பயண அறிவுரைகளைப் படித்துவிட்டு அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். படிக்காதவர் வந்திருந்தால் மலை ஏறும் முன்பே வழக்கில் சிக்கியிருப்பார்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேல்மலைக்கு ஜீப்பில் சென்றோம். மாலையில் சாலையோரம் இறக்கிவிட்டு, சோலைக்கும் புல்வெளிக்கும் இடைப்பட்ட ஒரு சரிவுக்கு நடத்திச் சென்றார்கள். சுமை தூக்கவும் கூடாரம் போடவும் நாள்கூலிக்கு வந்த ஒரு பையனை எங்களுடன் விட்டுவிட்டு, மன்னவனூரிலிருந்து இரவு உணவு வாங்கி வருவதாகச் சொல்லி அவர் ஜீப்பில் போனார். அதன் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. பூஜ்யம் டிகிரிக்கும் தாங்கும் என்று சொல்லப்பட்ட உறங்கு பைகள், சமவெளியில் மொட்டை மாடியில் படுப்பதற்கு மட்டுமே பயன்படக்கூடிய மெல்லியவை. கூடாரங்கள் ஒற்றைத் துணியாலானவை, தரைவிரிப்பு கிடையாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேல்மலையின் பள்ளங்களில் உறைபனி விழும். நள்ளிரவுக்குள் எங்கள் மூச்சுக்காற்றே கூடாரத்தின் உட்புறத்தில் ஈரமாகப் படிந்து, மேலே சொட்டத் தொடங்கியது.

அந்தப் பையன் குளிருக்காகச் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டினான். மதுரை மாணவர்தான் உடனே அணைக்கச் சொன்னார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அந்த வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் மறக்கக்கூடிய செய்தி அல்ல. தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்ததும் அந்தத் துயரத்துக்குப் பிறகுதான். அடுப்புப் போன்ற வெப்பம் கண்ணெதிரே இருக்க அதை மண் போட்டு அணைப்பது எளிதாக இல்லை, ஆனாலும் அணைத்தோம்.

கோயம்புத்தூர்ப் பெண்களில் ஒருவர் ஏற்றத்தில் வியர்த்த பருத்திச் சட்டையை மாற்றாமலே படுத்திருந்தார். முதலில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்குப் பின்னிரவில் நடுக்கம் நின்று, பேச்சு குழறத் தொடங்கியது. நடுக்கம் நிற்பதைக் குணமாவதாக எண்ணிவிடக் கூடாது. உடல் தன் வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழந்துவருகிறது என்பதற்கான அபாயக் குறி அது. ஈர உடையைக் கழற்றி, எங்களிடமிருந்த உலர்ந்த துணிகளை எல்லாம் சுற்றி, எங்கள் இருவருக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து, பேச்சு தெளிந்த பிறகு சர்க்கரை கலந்த வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். சரிவின் கீழே காட்டுமாடுகள் மூச்சு விடும் ஓசை விடியும்வரை கேட்டது. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே ஒரு விடுதியின் கூடாரப் பகுதியில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்ற செய்தியை நான் அறிந்திருந்தேன். அதனால் எவரையும் வெளியே போக விடவில்லை.

காலையில் பூண்டுத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கண்டு திகைத்து நின்றார். “யாரும்மா உங்கள இங்க கொண்டாந்து விட்டது? காட்டுமாடு இறங்குற தடத்துலயா படுத்திருந்தீங்க?” என்றார். தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று அடுப்படியில் உட்கார வைத்து, கஞ்சி கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது. சற்று நேரத்தில் வனவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வந்தார்கள். கடுமையாகப் பேசவில்லை. ஆனால் விதி விதிதான். நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்பது உள்ளே நுழைந்ததை மாற்றிவிடாது என்று விளக்கி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலமும் அபராதமும் வாங்கினார்கள். அனுமதி பெறாதவர் எங்களைக் கூட்டிச் சென்றவர். தண்டம் கட்டியவர்கள் நாங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சென்றபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் எவராயினும், விடுதியானாலும் வீடானாலும், 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கொடைக்கானலில் எங்களை முதல் நாள் தங்க வைத்த அறையும் அந்த மனிதரின் ஏற்பாடுதான், அங்கே எங்கள் கடவுச்சீட்டை யாரும் வாங்கிப் பார்க்கவே இல்லை. எங்கே தங்கினீர்கள் என்று காவலர் கேட்டபோது, என்னிடமும் தம்பியிடமும் காட்டுவதற்கு எந்தப் பதிவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சொல்கிறேன்: கடவுச்சீட்டும் விசாவும் கேட்காத இடத்தில் தங்காதீர்கள். அவர்கள் உங்களுக்குச் சலுகை காட்டுவதாக நினைக்க வேண்டாம், உங்களைக் கணக்கில் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை என்பதே அதன் பொருள்.

பணம் போன வழியும் யோசித்துச் செய்யப்பட்டதே. எங்களிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லை என்பதால், எங்கள் பங்கைக் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவருக்கு அனுப்பி, அவர் ஜிபே வழியாகச் செலுத்தும்படி அந்த மனிதரே யோசனை சொன்னார். அதனால் வங்கியின் பார்வையில் பணத்தை இழந்தவர் அந்தப் பெண் ஒருவரே. இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் அவர்தான் புகார் செய்ய வேண்டியிருந்தது, காட்டில் சிக்னல் இல்லாமல் கழிந்த நேரத்தில் கணக்கிலிருந்த தொகை வேறிடத்துக்குப் போய்விட்டது. காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.

இந்த மலைகளில் முறையாக நடக்க விரும்புவோருக்கு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 மலைப்பாதைகள் இணையவழி முன்பதிவுக்குத் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் ஒருவர் “நான் கூட்டிப் போகிறேன்” என்றால், அவர் யாராக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். இரவுக் கூடாரம் என்று எவராவது சொன்னால், அந்த நிலம் பட்டாவா (தனியார் நிலமா), காப்புக்காடா என்று கேளுங்கள். பட்டா என்றால் உரிமையாளரிடமே பேச வேண்டும் என்று சொல்லுங்கள். காடு என்றால் எந்த வனச்சரகம் என்று கேட்டு, அந்தச் சரக அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். எங்களுக்கு அபராதம் எழுதிய வனவரே, ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் அன்றே சொல்லியிருப்போம் என்று வருத்தப்பட்டார்.

துணை தேடுவது தவறல்ல. அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியது முன்பின் அறியாத துணைகள்தான், அவர்களோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் உண்மையான துணை, மொத்தப் பணத்தையும் தன் கணக்கில் சேர்க்கச் சொல்ல மாட்டார். ஜீப்புக்கு ஜீப்காரரிடமும் அறைக்கு விடுதியிடமும் அவரவர் பங்கை நேரில் கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். நாங்கள் அதைச் சொன்னபோது, “முன்பணம் கட்டியாயிற்று அக்கா, இனி மாற்ற முடியாது” என்ற பதில் வந்தது. அனுமதித் தாளைப் பொதுக் குழுவில் போடச் சொல்லுங்கள், தனியாக வந்த தாள்களை மற்றவர்களுடன் ஒப்பிடுங்கள். அவரைத் தவிர்த்து மற்றவர்கள் மட்டும் ஒரு முறை காணொளி அழைப்பில் முகம் பார்த்துப் பேசுங்கள். எங்கள் குழுவில் காய்ச்சல் வந்தவரும் துக்கம் நேர்ந்தவரும் கடைசிவரை முகம் காட்டவே இல்லை.

பூண்டிப் பக்கம் உறைபனிக் கூடாரம் என்ற அழைப்பில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், யாருடைய கணக்கிலிருந்து பணம் சென்றதோ அவர் மூலமாகவே இன்றே 1930-ஐ அழையுங்கள். குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடலை முழுவதுமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். எங்களை நீக்குவதற்கு முன்பே அவர் தன் செய்திகளை அழித்துவிட்டார். மதுரை மாணவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த படங்கள்தான் இப்போது எங்கள் புகாரில் இணைக்கப்பட்டிருக்கும் ஒரே சான்று.