யூபிகீ 5 என்எஃப்சி: வாங்கினால் ஆளுக்கு இரண்டு

பாஸ்வேர்டையும் ஓடிபியையும் போலி லாகின் பக்கத்தில் தட்டிவிட்டால் இரண்டும் அடுத்த நொடியே திருடன் கையில். யுஎஸ்பியில் செருகியோ ஃபோனில் தொட்டோ லாகினை உறுதி செய்யும் சிறு கருவியான யூபிகீயில் (சுருக்கமாகக் கீ) இது நடக்காது. ஊழியர் உஷாராக இருக்கிறாரா என்பதை அது நம்பியிருக்கவில்லை: எந்த டொமைனில் பதிவு செய்தோமோ அதற்கு மட்டும்தான் கீ பதில் தரும், ஓர் எழுத்து மாறினாலும் தராது. 2022 ஜூலையில் இணைய சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் வந்தபோது மூன்று பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். லாகினுக்குக் கீ கட்டாயம் என்பதால் யாரும் உள்ளே நுழைய முடியவில்லை.

பல அலுவலகங்களுக்கு யூபிகீ 5 தேவைக்கு அதிகம். ஸ்மார்ட் கார்டு, ஓபன்பிஜிபி (மெயிலைப் பூட்டி அனுப்பும் முறை) எல்லாம் வேண்டாம், பிரவுசர் லாகின் மட்டும்தான் என்றால் யூபிகீயைத் தயாரிக்கும் யூபிகோவின் விலை குறைந்த 'செக்யூரிட்டி கீ' வரிசையே போதும். மிச்சப் பணத்தில் இரண்டாவது கீ வாங்கலாம். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் திட்டமே கவிழ்ந்துவிடும். ஒற்றைக் கீ தொலைந்த அன்று, தூரத்தில் இருக்கும் ஊழியரை உள்ளே விட ஐடி பிரிவு எஸ்எம்எஸ் ஓடிபியைத் திறந்துவிடும். அப்புறம் அதை மூட யாருக்கும் ஞாபகம் வராது. அந்தக் கணக்கில் திருடன் கீயோடு மல்லுக்கட்டவே மாட்டான், 'வேறு வழியில் முயற்சி செய்' என்பதை அழுத்துவான். எனவே இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்ய வைத்து, சரிபார்த்த கையோடு எஸ்எம்எஸ்ஸை நீக்குங்கள். இரண்டாவது கீ லேப்டாப் பையில் இருக்கக் கூடாது.

'ரெண்டு கீயும் போச்சு' என்று ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் அழைப்புக்கும் முன்கூட்டியே விதி வேண்டும். வந்த எண்ணை நம்பாமல் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பது, மேலாளர் வீடியோவில் முகம் பார்த்து உறுதி சொல்வது, சில மணி நேரமே செல்லும் தற்காலிகக் குறியீடு தருவது. மூன்றும் வேண்டும்.

கீயின் ஃபிடோ2 (பாஸ்வேர்ட் இல்லா லாகினுக்கான தரநிலை) பின் எண்ணைத் தொடர்ந்து 3 முறை தப்பாகப் போட்டால் கீயைக் கழற்றி மாட்ட வேண்டும். மொத்தம் 8 முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும். ரீசெட்தான் வழி, பதிவான பாஸ்கீ (கீயில் சேமித்த லாகின் சாவி) எல்லாம் அழிந்துவிடும்.

இன்னொரு தொல்லை சிரிப்பு வகை. கை தெரியாமல் பட்டால் யூபிகீ 5 'cccc' என்று தொடங்கும் 44 எழுத்து ஒருமுறைக் குறியீட்டை (யூபிகோ ஓடிபி) சாட்டில் கொட்டி, என்டரும் தட்டிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. யூபிகோ ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் யுஎஸ்பிக்கான யூபிகோ ஓடிபியை அணைத்துவிட்டு அனுப்பினால் கேள்விகள் குறையும்.

பழைய ஸ்டாக் வந்தால் ஃபர்ம்வேர் (கீக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் வெளியான யூக்லீக் ஓட்டை 5.7க்கு முந்தைய யூபிகீ 5 கீகளில் உண்டு, ஃபர்ம்வேரை அப்டேட் செய்யவும் முடியாது. ஆனால் கீயைக் கைப்பற்றி, விலை உயர்ந்த கருவியில் வைத்தால்தான் தாக்குதல் பலிக்கும்; கையில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்குவதை மட்டும் 5.7க்குக் கீழே ஏற்காதீர்கள்.

லாகினுக்குப் பிறகு நடப்பதைக் கீ காக்காது. சொந்த லேப்டாப்பில் புகுந்த மால்வேர் செஷன் குக்கீயை (ஏற்கெனவே லாகின் ஆனவர் என்பதற்கு பிரவுசரில் இருக்கும் அடையாளம்) திருடினால் கீ இல்லாமலே உள்ளே வரலாம். முக்கிய ஆப்களை அலுவலகம் நிர்வகிக்கும் கருவிகளுக்கு மட்டும் திறந்து, செஷன் நேரத்தையும் குறையுங்கள். வேலையை விட்டவரின் கீ திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கணக்கை முடக்கி, ஓடும் செஷன்களைத் துண்டியுங்கள். கீ வந்ததும் ரீசெட் செய்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.