மீன்பிடி படகா, மீன்பிடிப் படகா: ஆசிரியரா, சந்திப் பிழைதிருத்தியா?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் மீனவர் சங்கங்களுக்கு மனு எழுதிக்கொடுப்பவர்களின் கை, இரண்டு சொல்லுக்கு நடுவே க், ச், த், ப் போடுவதா வேண்டாமா என்ற ஒற்றில்தான் தயங்கி நிற்கும். ஊரிலுள்ள தமிழாசிரியரிடம் கேட்கலாம். 'நாவி' போன்ற சந்திப் பிழைதிருத்தி மென்பொருளில் ஒட்டியும் பார்க்கலாம்.

மனு நீளம், நேரம் குறைவு என்றால் மென்பொருளே கைகொடுக்கும். 'படகை பதிவு', 'துறைக்கு கடிதம்' என ஐ, கு உருபுகளுக்குப் பின் ஒற்று விடுபட்ட பிழைகளை அது சட்டென்று காட்டிவிடும். ஆனால் தட்டச்சு நிலையத்தில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் அதற்கு ஒன்றும் புரியாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். தேவையற்ற இடைவெளிகளையும் நீக்குங்கள். சொல் உடைந்து கிடந்தால் பரிந்துரையும் தப்பாகும்.

பொருளைப் பொறுத்து ஒற்று மாறும் இடத்தில் ஆசிரியர்தான் சரி. படகு மீன்பிடிக்கும்; பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் என முக்காலமும் பொருந்துவதால் வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஆகவே 'மீன்பிடி படகு'. துறைமுகம் மீன்பிடிக்காது, தடைக்காலமும் பிடிக்காது. அங்கே 'மீன்பிடி' தொழிலின் பெயர், ஒற்று மிகும். ஆகவே 'மீன்பிடித் துறைமுகம்', 'மீன்பிடித் தடைக்காலம்'. இந்த வேறுபாட்டை மென்பொருளிடம் எதிர்பார்க்க வேண்டாம். 'பதிவு செய்யாத படகு' என்றால் ஒற்று இல்லை. ஈறு கெட்டு, அதாவது கடைசி 'த' போய், 'பதிவு செய்யாப் படகு' என்றானால் ஒற்று வரும். இதையும் காரணத்தோடு சொல்பவர் ஆசிரியரே. காரணம் தெரிந்தால் அடுத்த மனுவில் கேட்கவே வேண்டியதில்லை.

கேட்கும்போது சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். முழு வாக்கியத்தையும் எழுதிக் காட்டி, "ஐயா, இது மீன்வளத் துறைக்குப் போகிறது" என்று சொல்லுங்கள்.